எம்.ஜி.பி. காரின் பிரேக் விளக்கு சுவிட்ச்: கருகாமலும் தாமதிக்காமலும் எரியவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு காரில் என்ன கெட்டாலும் அதை ஓட்டுபவருக்குத்தான் முதலில் தெரியவரும். என்ஜின் இருமும், ஸ்டியரிங் இழுக்கும், எங்கிருந்தாவது நாற்றம் வரும். பிரேக் விளக்கு கெட்டால் மட்டும் பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். எனக்கு அதைச் சொன்னவர் ஒரு வேன் ஓட்டுநர். பெட்ரோல் நிலையத்தில் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, நான்கு மைலாக என் பின்னால் வருவதாகவும், ஒருமுறைகூட விளக்கு எரியவில்லை என்றும் சொன்னார். நான் ஓட்டிக்கொண்டிருந்தது 1965ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. சுவிட்சை மாற்றி அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்கு முந்தையதும் அப்படித்தான் போனது.

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட இந்த 1798 சி.சி. கார் இன்றும் ஏராளமாக ஓடுகிறது. அம்பாசிடர் ஓட்டிய நம்மவர்களுக்கு இதன் என்ஜின் தூரத்துச் சொந்தம், இரண்டும் பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசை என்ஜின்கள்தாம். உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் புதிதாகச் செய்து விற்கும் பிரேக் விளக்கு சுவிட்ச் சீக்கிரம் போய்விடுகிறது என்ற புலம்பல் எம்.ஜி. வைத்திருப்பவர்கள் கூடும் இடமெல்லாம் கேட்கும். மூன்றாவது சுவிட்சை வாங்கப் போனபோதுதான் நான் நிதானமாக யோசித்தேன். இங்கே இருப்பவை இரண்டு தனித்தனி நோய்கள். ஒன்று, சுவிட்சின் உள்ளே கருகல். மற்றொன்று, பெடலை மிதித்தும் விளக்கு தாமதமாக எரிவது. முதல் நோய்க்கான மருந்து இரண்டாவதைக் குணப்படுத்தாது. இதைப் புரிந்துகொள்ளாமல் பணம் செலவழித்தவர்களில் நானும் ஒருவன்.

சுவிட்சுக்குள் நடப்பது என்ன?

பழைய எம்.ஜி.பி.யில் பெடலுக்கும் சுவிட்சுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. பெடலின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இறங்கும் பிரேக் குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்தால், குழாய்கள் பிரியும் சந்தியில் இரண்டு வயர்களோடு ஒரு சிறு உருளை திருகப்பட்டிருக்கும். அதுதான் சுவிட்ச். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளும், சவ்வு ஒரு சிறு உலோகத் தகட்டை நகர்த்தும், தகடு இரண்டு முனைகளை இணைக்கும், விளக்கு எரியும். காலை எடுத்தால் ஸ்பிரிங் தகட்டைத் திருப்பித் தள்ளிவிடும்.

பின்னால் இருப்பவை 21 வாட் பல்புகள் இரண்டு. மொத்தம் 42 வாட், 12 வோல்ட்டில் சுமார் 3.5 ஆம்பியர். கேட்பதற்குச் சிறிதுதான். ஆனால் குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை, எரியும் இழையினுடையதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் முதல் சில மில்லி விநாடிகளுக்குப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். அதுவும் மெதுவாக நெருங்கி, மெதுவாகப் பிரியும் தகட்டின் வழியாக. நகர நெரிசலில் ஒரே மாலையில் நூறு முறை மிதிக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தீப்பொறி. அதில் உலோகம் பொரிந்து, கரி படிந்து, மின்தடை ஏறுகிறது.

அரை ஓம் ஏறினாலே போதும், ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் சுவிட்சிலேயே வெப்பமாகப் போய்விடும். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை. மிக வேகமாகச் சரியும். மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் ஒளி முப்பது சதவீதம் போய்விடும். ஆகவே சுவிட்ச் முற்றிலும் சாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே உங்கள் விளக்கு மங்கலாகத்தான் எரிந்துகொண்டிருக்கிறது.

தாமதம் வேறு கதை. அழுத்தம் ஏறினால்தான் தகடு நகரும். சிவப்பு விளக்கை நோக்கி மெல்ல உருளும்போது பெடலை லேசாக வருடினால் வண்டி வேகம் குறையும், விளக்கு எரியாது. சுவிட்சுக்கு வயது ஏற ஏற இந்த இடைவெளி கூடும்.

முதலில் அளந்து பாருங்கள்

சுவிட்சைக் கழற்றும் முன் ஒரு மல்டிமீட்டரும், இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே முட்டுக்கொடுக்க ஒரு மரக்கட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் விளக்கு சாவி போட்டால்தான் எரியும் என்பதால் சாவியைப் போட வேண்டும். ஆனால் என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் நெடுநேரம் போட்டிருந்தால் இக்னிஷன் காயில் சூடேறிவிடும். அதற்கு வரும் வயரை முதலில் கழற்றிவிடுங்கள். நான் கழற்ற மறந்து ஒரு காயிலைத் தொட முடியாத சூட்டுக்குக் கொண்டுபோனதுண்டு.

மின்சாதனங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயர் நிற ஒழுங்கு இங்கே பெரிய உதவி. பச்சை வயர் ஃபியூஸ் வழியாகச் சுவிட்சுக்கு வருவது. பச்சையில் ஊதாக் கோடு போட்டது சுவிட்சிலிருந்து பின் விளக்குகளுக்குப் போவது. கருப்பு எர்த், அதாவது காரின் உலோக உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும் வழி. விளக்கு எரியவே இல்லையென்றால் இந்த இரண்டு பச்சை வயர்களையும் சுவிட்சிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள். எரிந்தால் குற்றவாளி சுவிட்ச். எரியாவிட்டால் சுவிட்ச் தப்பித்தது; ஃபியூஸ், பல்பு, பல்பு ஹோல்டர், எர்த் என்று தேட வேண்டும்.

மங்கலாக எரிந்தால் பெடலில் கட்டையை முட்டுக்கொடுத்து, விளக்கு எரியும் நிலையிலேயே அளவிடுங்கள். மின்னோட்டம் பாயாமல் எடுக்கும் அளவு பொய் சொல்லும். மீட்டரின் ஒரு கம்பியைப் பச்சை முனையிலும் மற்றதை ஊதாக் கோட்டு முனையிலும் வைத்தால் சுவிட்ச் எவ்வளவு விழுங்குகிறது என்று தெரியும். புது சுவிட்சில் 0.1 வோல்ட் அளவில் இருக்கும். 0.3ஐத் தாண்டினால் அதற்கு நாள் எண்ணத் தொடங்கலாம். பிறகு பின்னால் போய், பல்பின் உலோக உடலுக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளவிடுங்கள். அங்கே அரை வோல்ட் காட்டினால் எர்த் இணைப்பில் துரு. பிரேக் பிடிக்கும்போது அந்தப் பக்கத்து டெயில் விளக்கு மங்கினாலோ துடித்தாலோ அதே காரணம்தான். அதைச் சுத்தம் செய்யாமல் முன்னால் என்ன மாற்றினாலும் வீண்.

எம்.ஜி.பி.யின் மூத்த சகோதரனான எம்.ஜி.ஏ. 1500 வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள். அந்தக் காரில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே இழையைப் பகிர்ந்துகொள்கின்றன. நடுவில் லூகாஸ் டிபி10 என்ற ரிலே பெட்டி ஒன்று இருக்கிறது (ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்). கீழே வரும் இணைப்பு முறையை அதற்கு அப்படியே பொருத்தக் கூடாது.

சுமையை ரிலேயின் தோளில் ஏற்றுவது

கருகலுக்கு இதைவிடச் சிறந்த மருந்தை நான் பார்க்கவில்லை. சுவிட்ச் இனி 3.5 ஆம்பியரைச் சுமக்காது. ரிலேயின் காயிலை இயக்கத் தேவையான 0.15 முதல் 0.2 ஆம்பியரை மட்டும் கடத்தும். விளக்கின் சுமையை ரிலேயின் பருத்த முனைகள் ஏற்றுக்கொள்ளும். ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் நான்கு முனை 12 வோல்ட் ரிலே போதும். 85, 86 என்பவை காயிலின் முனைகள்; 30 என்பதில் மின்சாரம் வரும்; 87 வழியாக வெளியேறும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காயிலுக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் கணத்தில் அது எதிர்த்திசையில் நூற்றுக்கணக்கான வோல்ட் அளவுக்கு ஒரு சொடுக்கு கொடுக்கும். அந்தப் பொறி விழுவது நாம் காப்பாற்ற நினைத்த அதே சுவிட்சில்தான். ரிலே போட்டும் சுவிட்ச் போய்விட்டது என்று சொல்பவர்களிடம் காயிலுக்குக் குறுக்கே என்ன போட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. காயிலுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடு ஒன்று வேண்டும். அல்லது உள்ளேயே மின்தடை பொதிந்த ரிலே வேண்டும். நான் பரிந்துரைப்பது பின்னதை. காரணம், 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். டையோடைத் திருப்பிப் போட்டால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட்; பெடலை மிதித்த கணத்தில் டையோடு வெடிக்கும் அல்லது ஃபியூஸ் போகும். மின்தடைக்குத் திசை கிடையாது.

வேலையைத் தொடங்கும் முன் பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். பழைய எம்.ஜி.பி.யில் ஆறு வோல்ட் பாட்டரிகள் இரண்டு, இருக்கைகளுக்குப் பின்னால் தரையடியில் ஒளிந்திருக்கும். முதுகு வலிக்கும் வேலைதான், ஆனாலும் தவிர்க்காதீர்கள்.

1. ரிலேயை சுவிட்சுக்கு அருகே, முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்துங்கள். தண்ணீர் தேங்காது. வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் இது குளிர்ச்சியான பக்கம். இடப்பக்க ஸ்டியரிங் என்றால் புகைபோக்கி மானிஃபோல்டு அதே பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

2. ஃபியூஸ் பெட்டியில் பழுப்பு வயர் வந்து சேரும் முனையிலிருந்து 2 சதுர மி.மீ. வயர் ஒன்றை இழுத்து, தொடக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் பொருத்தி, ரிலேயின் 30ஆம் முனையில் செருகுங்கள். ஏற்கெனவே இருக்கும் பச்சை வயரிலிருந்தே 30க்குக் கிளை எடுப்பவர்களும் உண்டு. அது சுவிட்சைக் காப்பாற்றும். ஆனால் அறுபது வயதான பச்சை வயரின் இணைப்புகளில் வீணாகும் மின்னழுத்தம் வீணாகிக்கொண்டே இருக்கும்.

3. சுவிட்சில் பச்சை வயரை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஊதாக் கோட்டு வயரை மட்டும் கழற்றி 87இல் செருகுங்கள்.

4. அது காலி செய்த சுவிட்ச் முனையிலிருந்து 1 சதுர மி.மீ. வயர் ஒன்றை 86க்குக் கொண்டுபோங்கள்.

5. 85ஐ எர்த் செய்யுங்கள். பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில், பல் வாஷர் போட்டு.

6. டையோடுதான் போடுவேன் என்பவர்களுக்கு: நெகட்டிவ் எர்த் காரில் டையோடின் வெள்ளிக் கோடு 86 பக்கம், பாசிட்டிவ் எர்த் காரில் 85 பக்கம்.

பழைய வயர் எதையும் வெட்டவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் அசல் தன்மை மீதான பக்தி மட்டுமல்ல. வழியில் ரிலே மண்டையைப் போட்டால், ஊதாக் கோட்டு வயரை 87இலிருந்து பிடுங்கி, 86க்குப் போகும் வயர் இருக்கும் சுவிட்ச் முனையில் செருகினால் கார் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு நிமிட வேலை. அதற்கேற்ப முனைகளின் வடிவம் ஒத்துப்போகும்படி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவிட்சையும் மாற்றிவிடுங்கள்

ரிலே போடும் நாளிலேயே புது சுவிட்சையும் போடுவது நல்லது. கருகிய முனைகள் கருகியவைதான். அவற்றின் வழியே சிறு மின்னோட்டம் சில சமயம் போகும், சில சமயம் போகாது. வழக்கமான சுவிட்சுக்குப் பதில், குறைந்த அழுத்தத்திலேயே இணையும் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். தாமதம் ஓரளவு குறையும். பழைய இருப்பில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது என்று ஆசை காட்டி விற்கப்படுவதை நான் வாங்க மாட்டேன். உள்ளே இருக்கும் ரப்பருக்குப் பெட்டியின் பழமை தெரியாது, தன் வயதுதான் தெரியும். பிரேக் ஆயில் வகையையும் பாருங்கள்: டாட் 5 சிலிக்கான் ஆயில் ஊற்றிய கார்களில் இந்தச் சுவிட்சுகள் இன்னும் விரைவாகப் போகின்றன என்பது பல உரிமையாளர்களின் அனுபவம்.

மாஸ்டர் சிலிண்டர் மூடியைக் கழற்றி, வாயில் ஒரு பாலிதீன் தாளை வைத்து மீண்டும் மூடினால் ஆயில் வேகமாக ஒழுகாது. அடியில் துணி வையுங்கள். டாட் 3, டாட் 4 ஆயில்கள் பெயின்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். புது சுவிட்சை ஒரு கையில் தயாராக வைத்துக்கொண்டு பழையதைத் திருகி எடுத்ததும் இதை நுழைத்துவிட வேண்டும். இரண்டின் மரையும் ஒன்றுதானா என்று முன்பே பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கூம்பு மரை என்பதால் போகப்போக இறுகும். வெறிகொண்டு முறுக்கினால் பித்தளைச் சந்தி பிளக்கும். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அதன் ஒரு நூல் பிரேக் குழாய்க்குள் போனால் எங்கே போய் அடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முடிந்ததும் பாலிதீன் தாளை எடுத்துவிட்டு, பெடலை ஒரு நிமிடம் முழு பலத்தோடு மிதித்தபடி வைத்து, மரையைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருக்கக் கூடாது. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியேற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பெடலில் இரண்டாவது சுவிட்ச்

தாமதத்துக்கு உண்மையான தீர்வு பெடலிலேயே சுவிட்ச் வைப்பதுதான். பின்னர் வந்த எம்.ஜி.பி.களில் நிறுவனமே அதைச் செய்தது. பெடல் ஓய்வில் இருக்கும்போது சுவிட்சின் குமிழை அழுத்தியபடி இருக்கும், விளக்கு அணைந்திருக்கும். பெடல் நகர்ந்தால் குமிழ் வெளியே வரும், விளக்கு எரியும். கடையில் கேட்டு வாங்கும்போது எச்சரிக்கை: ரிவர்ஸ் விளக்குக்கான சுவிட்சும் பார்ப்பதற்கு இதே போலத்தான் இருக்கும், ஆனால் குமிழை அழுத்தினால்தான் அது இணையும். மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பெடல் பெட்டியருகே 2 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு எல் வடிவப் பிடிப்பு செய்து அதில் சுவிட்சைப் பொருத்தலாம். தகடு மெல்லியதாக இருந்தால் வளைந்து வளைந்து சரிசெய்தது கலைந்துவிடும். வயர் வேலை எளிது: ஒரு வயர் பச்சையிலிருந்து, மற்றது ரிலேயின் 86க்கு. அதாவது ஆயில் அழுத்த சுவிட்சும் பெடல் சுவிட்சும் பக்க இணைப்பாக நிற்கும். எது முதலில் இணைகிறதோ அது ரிலேயை இழுக்கும். ஒன்று செத்தாலும் மற்றொன்று வேலை செய்யும்.

இனி சொல்வதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பெடல் முழுமையாகத் திரும்பி நிற்பதற்கு அதற்கென ஒரு தடை உண்டு. சுவிட்ச் அந்தத் தடையாக மாறிவிடக் கூடாது. சுவிட்சை மிக முன்னே தள்ளி வைத்துவிட்டால் பெடல் முழுதாகத் திரும்பாது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனும் திரும்பாது. ஆயில் தொட்டிக்குத் திரும்பிப் போகும் சிறு துளை மூடியே இருக்கும். ஓட்ட ஓட்ட ஆயில் சூடாகி விரியும், போக்கிடம் இல்லாமல் பிரேக்கைத் தானாகவே பிடிக்கும். சில மைல்களில் சக்கரம் புகையும். விளக்கைச் சரிசெய்யப் போய் பிரேக்கைக் கெடுத்த கதை இதுதான், நானும் ஒரு வண்டியில் பார்த்திருக்கிறேன்.

எனவே முதலில் சுவிட்ச் இல்லாமல் பெடலின் வெற்று ஆட்டத்தை, அதாவது பிஸ்டனைத் தள்ளத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரத்தைப் பாருங்கள். மிதிபலகையில் சுமார் 3 மி.மீ. இருக்க வேண்டும். பிறகு சுவிட்சை மெல்ல முன்னே திருகுங்கள், விளக்கு அணையும் இடம் வரும். அங்கிருந்து இன்னும் ஒரு சுற்று, அவ்வளவுதான். குமிழுக்கு இன்னும் உள்ளே போக இடம் மிச்சம் இருக்க வேண்டும். வெற்று ஆட்டத்தை மீண்டும் அளந்து, அதே 3 மி.மீ. இருந்தால் இரண்டு நட்டுகளையும் எதிரெதிராக இறுக்குங்கள். சுவிட்சின் உடல் பிளாஸ்டிக் என்றால் கைவலுவைக் காட்ட வேண்டாம். பெடலில் கால் பட்டு 5 முதல் 10 மி.மீ. நகர்வதற்குள் விளக்கு எரிந்தால் சரியான இடம்.

இரட்டை ஏற்பாட்டுக்கு ஒரு குறையும் உண்டு. ஒன்று செத்தது தெரியவே தெரியாது, மற்றது மூடி மறைத்துவிடும். மாதம் ஒருமுறை ஒரு சுவிட்சின் வயரைக் கழற்றி மற்றதைச் சோதிப்பது, பிறகு மாற்றிச் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்.இ.டி. பல்பு போடலாமா?

இழை பல்பு முழு ஒளிக்கு வர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பின்னால் வருபவர் அதற்குள் ஐந்தரை மீட்டர் வந்துவிடுவார். எல்.இ.டி. உடனடியாக எரியும், மின்னோட்டமும் சிறிதளவே போதும். அதைப் போட்டால் ரிலேக்கு வேலையே குறைவு. ஆனால் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. வெளிறிப்போகும், சிவப்பு எல்.இ.டி.யே வாங்குங்கள். நுனியில் மட்டும் ஒளிரும் வகை பிரதிபலிப்பானை நிரப்பாது, பக்கவாட்டிலும் ஒளிர வேண்டும். பாசிட்டிவ் எர்த் காருக்கு, அதில் எரியும் என்று குறிப்பிட்டதைத்தான் வாங்க வேண்டும், நெகட்டிவ் எர்த்துக்கு மட்டும் செய்தவை எரியாது. மலிவானவற்றில் டெயில் விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் வேறுபாடு சொற்பமாக இருக்கும். அது இழை பல்பைவிட ஆபத்து. உங்கள் நாட்டில் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் இழை பல்பில்தான் இருக்கிறேன்.

முடித்த பிறகு

அந்தி நேரத்தில் காரைப் பின்னோக்கிச் சுவரருகே கொண்டுபோய் நிறுத்துங்கள். டெயில் விளக்கைப் போட்டு, பெடலை மிக லேசாக, பிறகு பலமாக மிதியுங்கள். சுவரில் விழும் சிவப்பு இருமுறையும் ஒரே அளவில் குதித்து ஏற வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். மறுநாள் நண்பகல் வெயிலில் யாரையாவது இருபது அடி தள்ளி நிற்கவைத்து மறுபடியும் பாருங்கள். வெயிலில் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. பிறகு பத்து மைல் ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் கையால் தொடாமல், அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் வீசினால் பெடல் சுவிட்சிடம் திரும்பிப் போங்கள்.

மீட்டரில் எடுத்த அளவுகளை நான் பழைய பழுதுபார்ப்பு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ரிலே போடும் முன் பல்பில் 10.4 வோல்ட், போட்ட பின் 12.1. டாஷ்போர்டு அறையில் ஓர் உதிரி ரிலே கிடக்கிறது. ரிலேயின் பக்கத்தில், 87இல் இருக்கும் வயரைப் பிடுங்கி எங்கே செருக வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன், எனக்குப் பிறகு இந்தக் காரை வாங்குபவருக்காக.